கன அடி

அம்மா ஞானதங்கம், கோட்டாற்று மரக்கடையில்
முப்பத்தோரு வருடம் கணக்கெழுதினாள்.
தேக்கு, அயனி, வேங்கை, தம்பகம்.
முனையில் வெள்ளைப் பெயிண்டில் எண்,
பக்கத்தில் சுத்தியல் முத்திரை,
லாரியிலிருந்து உருளும்போது தரை அதிரும் சத்தம்.
அவ்வளவுதான் அவளுக்கு மரம்.

வேலையை விட்ட மறுவாரம்
புளிக்கறி தாளித்துக்கொண்டே சொன்னாள்:
"கெடக்கதத்தான் பாத்திருக்கேன் மக்களே.
நிக்கதப் பாத்ததே இல்ல."

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.
பழைய ஆம்னி. தவணையில் வாங்கிய கூடாரம்.
அவள் பங்குக்கு
தூக்குச்சட்டியில் மரச்சீனி, மீன்கறி தனியாக,
இரண்டு குடை, தைலம், செபமாலை,
எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு பித்தளைப் பூட்டு.
கூடாரத்தில் அதை எங்கே மாட்டுவது என்று
நானும் கேட்கவில்லை.

பூதப்பாண்டி தாண்டியதும் மலை கிட்டே வந்தது.
தடிக்காரன்கோணத்தில் சாயா.
"ஊர் பேரே நம்ம கடை பேருல்லா" என்று சிரித்தாள்.
கீரிப்பாறைக்கு மேலே ரப்பர்,
வரிசை வரிசையாக,
ஒவ்வொன்றும் தன் சிரட்டையை ஏந்திக்கொண்டு.
"இது மரத்துல சேத்தி இல்ல,
பெட்டி அடிக்கப் போறது" என்றாள்.
கண்ணாடியை ஏற்றச் சொன்னாள்.

காட்டுக்குள் கூடாரம் போட விடமாட்டார்கள்.
என்னோடு படித்த வில்பிரட்
தோட்டத்து ஷீட் குடோன் பக்கம் ஒரு மேட்டைக் காட்டினான்.
ரப்பர்ப்பால் புளித்த வாடை.
கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகினோம்.
கூடாரம் ஒருபக்கமாகச் சாய்ந்தே நின்றது.
"பரவால்ல, மரம் மாதிரி" என்றாள்,
எந்த மரம் என்று சொல்லாமல்.

இரவெல்லாம் மழை.
டார்ச்சை அணைத்தபின்
அவள் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்தேன்,
கைகள் இருபுறமும் நீட்டி, அசையாமல்.
பார்க்கப் பிடிக்கவில்லை.
ஒருக்களித்துப் படு அம்மா என்றேன்.
படுத்தாள்.

காலையில் வாச்சர் மாதவன் காணி முன்னால் போனார்.
ஓடையைத் தாண்டினோம்.
அட்டைக்கு உப்பும் புகையிலையும் பூசிய கால்களோடு
அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை.
"இதுதான்" என்று அவர் நின்றார்.

தம்பகம்.

அம்மா செருப்பைக் கழற்றினாள்.
பிறகு, எனக்கு வெட்கமாகப் போயிற்று,
பையிலிருந்து கடையின் டேப்பை எடுத்தாள்.
பாசியில் கன்னம் படக் கட்டிப்பிடித்தாள்.
மறுபக்கமிருந்து முனையைப் பிடித்து
நான் அவளிடம் கொண்டுவந்து சேர்த்தேன்.

நூற்று முப்பத்தாறு இஞ்ச்.
உதடு அசைந்தது.
நாலில் ஒன்று முப்பத்து நாலு,
அதையே அதால் பெருக்கு,
நூற்று நாற்பத்து நாலால் வகு,
"அடிக்கு எட்டு கன அடி" என்றாள் உடனே.
காகிதம் தேவைப்படவில்லை.

"நீளம்?"

கேட்டது யாரை என்று தெரியவில்லை.
அண்ணாந்தாள்.
முக்காடு நழுவி விழுந்தது.
இலைகளுக்கு மேலே இன்னும் இலைகள்,
அதற்கு மேலே வெளிச்சம் எங்கோ அசைந்தது,
ஒரு பறவையின் குரல் மட்டும் இறங்கி வந்தது.
மாதவன் காணி சொன்னார்:
"போன வருசத்தவிட இப்ப கூடுதல்."

டேப் அவள் கையிலிருந்து
சர்ரென்று தானே சுருண்டு பெட்டிக்குள் போனது.

இறங்கும்போது, வளைவில்,
ஒரு லாரி எங்களுக்கு முன்னால் திரும்பியது.
ரப்பர் தடி.
எண் கிடையாது, முத்திரை கிடையாது.
வெட்டு வாயில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.
ஹார்னில் கை வைத்தேன்.
அவள் என் மணிக்கட்டைத் தொட்டாள்.
"முந்தாத மக்களே. பைய பின்னாலயே போ."

தடிக்காரன்கோணம் வரை அப்படியே போனோம்.
எங்களுக்குப் பின்னால் யார் யாரோ
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.